108 சதுர அடியின் உரிமையாளர்கள்

தோக்கியோவின் கின்சா பகுதியில், சிம்பாசி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில், 1972-ஆம் ஆண்டு ஒரு கட்டடம் எழுந்தது. நகாகின் காப்சூல் கோபுரம் என்பது அதன் பெயர். 11 தளமும் 13 தளமும் கொண்ட இரண்டு கான்கிரீட் தண்டுகள். அந்தத் தண்டுகளைச் சுற்றி நான்கு புறமும் 140 எஃகுப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியும் தொழிற்சாலையில் செய்து முடிக்கப்பட்டு, லாரியில் வந்து, கிரேனால் தூக்கப்பட்டு, தண்டோடு திருகாணிகளால் இறுக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் வட்டமான ஒற்றைச் சன்னல். நம் ஊரில் சிறிய அடுக்குமாடி வீடுகளைப் புறாக்கூடு என்று சொல்வது வசைக்காக. நகாகின் கோபுரத்தின் படத்தைப் பார்த்தவர்களுக்கு அது வெறும் வருணனையாகவே தோன்றும்.

பெட்டியின் அகலம் ஏறத்தாழ இரண்டரை மீட்டர், நீளம் நான்கு மீட்டர். ஆகப் பத்துச் சதுர மீட்டர், அதாவது 108 சதுர அடி. அதற்குள் ஒரு கட்டில், மடக்கு மேசை, சுவரோடு பதித்த அலமாரி, தொலைக்காட்சி, வானொலி, தொலைபேசி, விமானத்தில் இருப்பதைப் போன்ற மிகச் சிறிய குளியலறை. சமையலறை கிடையாது. இதை விலை கொடுத்து வாங்கினார்கள் என்பதுதான் நம் கவனத்துக்கு உரியது. விடுதி அறையாக வாடகைக்கு எடுத்திருந்தால் இதில் எழுத ஒன்றுமில்லை. பத்திரம் பதிந்து, தம் பெயரில் சொந்தமாக வாங்கினார்கள்.

ஒரு மனிதனுக்கு எவ்வளவு இடம் போதும் என்பதற்கு நம் மரபில் ஓர் அளவுகோல் உண்டு. திருக்கோவலூரில் மழை இரவொன்றில் முதலாழ்வார் மூவரும் சந்தித்த இடைகழியின் கதை அனைவரும் அறிந்தது. ஒருவர் என்றால் படுக்கலாம், இன்னொருவர் வந்தால் இருவரும் உட்காரலாம், மூன்றாமவரும் வந்துவிட்டால் நிற்கத்தான் முடியும் என்ற அளவு அந்த இடம். நான்காவதாக வந்து நெருக்கியவர் யாரென்று பார்க்க விளக்கேற்றியதில் பக்தி இலக்கியத்தின் ஒரு பெரும் பகுதி பிறந்தது என்று மரபு சொல்லும். வீடு வாங்குபவருக்கு இந்தக் கதை வேறு வகையில் பயன்படும். படுக்க, உட்கார, நிற்க எத்தனை பேருக்கு இடமிருக்கிறது என்பதைவிட நேர்மையான வீட்டளவு வேறில்லை. இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பும் ஏறத்தாழ இதைத்தான் எண்ணில் சொல்கிறது. ஒரே அறை கொண்ட வீடென்றால் அந்த அறை 9.5 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, அகலம் 2.4 மீட்டருக்குக் குறையக் கூடாது. நகாகின் பெட்டி குளியலறையையும் சேர்த்தே பத்துச் சதுர மீட்டர்.

மறுமுனையில் பாரதி காணி நிலம் கேட்டான். ஒரு காணி என்பது 24 மனை. 57,600 சதுர அடி. அதில் ஒரே தளமாக நகாகின் பெட்டிகளைப் பரப்பினால் 533 பெட்டிகள் கொள்ளும். தென்னை மரங்களுக்கு இடமிராது.

சப்பானியர்களுக்கு இத்தனை சிறிய உறைவிடம் புதிதன்று. 1212-ஆம் ஆண்டு காமோ நோ சோமெய் என்ற துறவி 'ஹோஜோகி' என்ற சிறு நூலை எழுதினார். சப்பானிய உரைநடையின் செவ்வியல் நூல்களில் ஒன்றாக அது இன்றும் படிக்கப்படுகிறது. ஹோஜோ என்றால் ஒரு ஜோ நீளமும் ஒரு ஜோ அகலமும் கொண்ட குடில். இன்றைய கணக்கில் பக்கத்துக்கு மூன்று மீட்டர். நகாகின் பெட்டியைவிடச் சற்றே சிறியது. எழுநூற்று அறுபது ஆண்டு இடைவெளியில் இரண்டு அளவும் இவ்வளவு நெருங்கி நிற்பதைத் தற்செயல் என்று ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை.

சோமெய் ஏன் அவ்வளவு சிறிய வீட்டுக்குப் போனார் என்பதற்கு நூலின் முற்பகுதியே விடை. 1177-இல் தலைநகரை அழித்த பெருந்தீ, 1180-இல் சுழற்காற்று, அதே ஆண்டில் அரசின் கட்டளையால் தலைநகரையே புகுஹாராவுக்கு மாற்றியது, 1181-82-இல் பஞ்சம், 1185-இல் நிலநடுக்கம். பெரிய மாளிகை கட்டியவர்களே பெரிதாக இழந்தார்கள் என்பதை அவர் கண்ணால் கண்டார். எனவே வாழ்நாளில் அடுத்தடுத்துக் குடியேறிய ஒவ்வொரு வீடும் முந்தையதைவிடப் பன்மடங்கு சிறியதாகிக்கொண்டே வந்து, கடைசியில் ஹீனோ மலையடிவாரத்தில் இந்தக் குடிலில் முடிந்தது. அந்தக் குடிலுக்கு அவர் நிரந்தர இடம் என்று ஒன்றைக் குறிக்கவில்லை. மூட்டுகளைக் கொக்கிகளால் பிணைத்திருந்தார். இடம் பிடிக்காவிட்டால் கழற்றி இரண்டு வண்டிகளில் ஏற்றிவிடலாம். வண்டிக்கூலியைத் தவிர வேறு செலவில்லை.

இங்கே நாம் நிறுத்திக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சோமெயின் குடில் சிறியது மட்டுமன்று, தனியானது. அதைக் கழற்ற அவர் யாரிடமும் கையொப்பம் கேட்க வேண்டியதில்லை.

நகாகின் கோபுரத்தை வடிவமைத்த கிஷோ குரோகாவாவும் கழற்றி மாட்டக்கூடிய வீட்டைத்தான் கனவு கண்டார். 1934-இல் பிறந்தவர். 1960-இல் தோக்கியோவில் உலக வடிவமைப்பு மாநாடு நடந்தபோது இளம் கட்டடக் கலைஞர்கள் சிலரும் ஒரு விமரிசகரும் சேர்ந்து ஓர் இயக்கத்தை அறிவித்தார்கள். மெட்டபாலிசம் என்று அதற்குப் பெயரிட்டார்கள். அப்போது குரோகாவாவுக்கு வயது 26. நகரம் என்பது உயிர். அதன் செல்கள் தேய்ந்து உதிர்ந்து புதியவை முளைக்க வேண்டும். கட்டடத்தில் நெடுநாள் நிற்கும் பகுதியையும் விரைவில் தேயும் பகுதியையும் பிரித்துக் கட்ட வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. இந்தச் சொல்லுக்கு நாம் பாடநூல்களில் வளர்சிதை மாற்றம் என்று எழுதுகிறோம். நல்ல ஆக்கம். வளர்வதையும் சிதைவதையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டது. நகாகினில் வளர்வதற்கு விரிவான திட்டம் இருந்தது. சிதைவதற்கு ஆகும் செலவு யாருடையது என்பதற்கு மட்டும் திட்டம் இல்லை.

தண்டு அறுபது ஆண்டு நிற்கும், பெட்டிகளை இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிவிட்டுப் புதியவற்றைப் பொருத்தலாம் என்பது குரோகாவாவின் கணக்கு. இதற்கு ஈசே ஆலயத்தை முன்மாதிரியாகக் காட்டுவது அந்த இயக்கத்தாரின் வழக்கம். ஈசேயில் இருபது ஆண்டுக்கு ஒருமுறை கோயிலை அருகிலுள்ள வெற்று மனையில் புதிதாகக் கட்டிவிட்டுப் பழையதைப் பிரித்துவிடுவார்கள். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கம். கடைசியாக 2013-இல் நடந்தது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் நூறாண்டுக்கு மேல் நின்றுபோனதும் உண்டு. நம் கோயில்களின் பன்னிரண்டு ஆண்டுக் குடமுழுக்கை இதனோடு ஒப்பிடத் தோன்றும். இரண்டிலும் புதுப்பிக்க ஒரு நாள் குறிக்கப்பட்டிருக்கிறது, அந்நாளை நினைவில் வைத்திருக்க ஒரு நிர்வாகம் இருக்கிறது, பணம் திரட்ட ஒரு நம்பிக்கை இருக்கிறது. 140 பேர் தனித்தனியே பத்திரம் வைத்திருக்கும் கட்டடத்தில் இவற்றுள் எது இருந்தது?

யார் வாங்கினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1970-இல் ஓசாகா உலகப் பொருட்காட்சியில் குரோகாவாவின் பெட்டி வீடுகளைக் கண்டு கவரப்பட்டுத்தான் நகாகின் நிறுவனத்தின் தலைவர் இந்தப் பணியை அவரிடம் ஒப்படைத்தார். தோக்கியோவில் நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போக, குடும்பங்கள் புறநகர்களுக்கு நகர்ந்துவிட்டிருந்தன. அலுவலகமோ நகரின் நடுவில். இரவு பிந்தி வேலை முடிந்து, கடைசி ரயிலைப் பிடித்து, ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே வீடு போய், விடியலில் மறுபடி புறப்படும் ஆண் ஊழியனே இந்தப் பெட்டியின் வாடிக்கையாளனாகக் கற்பனை செய்யப்பட்டான். ஆகவேதான் சமையலறை தேவைப்படவில்லை. வார நாள்களில் தங்க ஒரு கூடு. மனைவி, மக்கள், அடுப்பு எல்லாம் வேறிடத்தில். இதை வீடு என்று சொல்வதைவிட, வேறொரு வீட்டின் கழற்றி மாட்டிய ஓர் அறை என்று சொல்வது பொருந்தும். சின்னஞ்சிறு வீட்டின் விலையைக் கணக்கிடும்போது அதற்குத் துணையாக நிற்கும் மற்ற வீட்டையும், அங்கே சமைக்கும் பெண்ணையும் கணக்கில் சேர்ப்பதில்லை. விளம்பரத் துண்டறிக்கைகளில் இது எந்தக் காலத்திலும் இடம்பெற்றதில்லை.

1929-இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் கூடிய நவீனக் கட்டடக் கலைஞர்களின் மாநாடு குறைந்தபட்ச வாழ்வுக்கு ஏற்ற குடியிருப்பு என்பதையே தலைப்பாகக் கொண்டிருந்தது. அந்நகரின் திட்ட அலுவலர் எர்ன்ஸ்ட் மேயும் அவர் குழுவினரும் அதற்கு முன்பே இதில் இறங்கிவிட்டிருந்தார்கள். 1926-இல் மார்கரெட்டே ஷூட்டெ-லிஹோட்ஸ்கி வடிவமைத்த சமையலறை 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர். ஒரு பெண் எத்தனை அடி நடக்கிறாள், எத்தனை முறை குனிகிறாள் என்றெல்லாம் அளந்து செய்தது. சிறிய வீட்டைப் பற்றி யோசித்தவர்களில் அடுப்பிலிருந்து தொடங்கியவர் அவர். குரோகாவா அடுப்பை நீக்கியதிலிருந்து தொடங்கினார். நமக்கு முன்னவர் பக்கமே சாய்வு என்பதை மறைக்கவில்லை.

1997-இல் இருபத்தைந்து ஆண்டு நிறைந்தது. ஒரு பெட்டிகூட மாற்றப்படவில்லை.

தொழில்நுட்பக் காரணம் எளியது. பெட்டிகள் தண்டைச் சுற்றி மிக நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்தன. இடையிலிருக்கும் ஒன்றைக் கழற்ற வேண்டுமானால் மேலிருப்பவற்றையும் கழற்றியாக வேண்டும். ஒருவர் தம் பெட்டியை மட்டும் மாற்றிக்கொள்ள வழியில்லை. பெட்டிகளுக்கு நடுவிலிருந்த குறுகிய சந்துகளில் மழைநீர் இறங்கியது. அங்கே கை நுழைத்துப் பழுது பார்க்க இயலாது. குழாய்கள் துருப்பிடித்தன. தீத்தடுப்புக்கெனப் பூசப்பட்ட ஆஸ்பெஸ்டாஸ் வேறு. காகிதத்தில் தனித்தனியாக இருந்தவை கட்டி முடித்ததும் ஒன்றுக்குள் ஒன்று பிணைந்துவிட்டன.

சட்டக் காரணம் அதைவிட ஆழமானது. அடுக்கக உரிமைக்கான சப்பானியச் சட்டம் 1962-இல் வந்தது. தனக்கே உரிய பகுதி, எல்லோருக்கும் பொதுவான பகுதி, மனையின் மீதுள்ள உரிமை என்று அது மூன்றாகப் பிரித்தது. 1983-இல் திருத்தப்பட்டபோது, பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட ஐந்தில் நான்கு பங்கினர் ஒப்ப வேண்டும் என்ற விதி சேர்ந்தது. தலைக்கணக்கிலும் நான்கு பங்கு, பரப்பளவுக்கேற்ற வாக்குக் கணக்கிலும் நான்கு பங்கு.

நகாகினில் ஏறக்குறைய எல்லாப் பெட்டியும் ஒரே அளவு. ஆகவே அங்கே சனநாயகம் முழுமையாக இருந்தது. பெரிய உரிமையாளர், சிறிய உரிமையாளர் என்ற பேதம் கட்டமைப்பிலேயே இல்லை. ஆனால் ஒரு சிறு மனைத் துண்டின் மீது 140 முடிவுகள் அமர்ந்திருந்தன. வீடு எவ்வளவு சுருங்குகிறதோ அவ்வளவுக்கு ஒரு மனையின் மேல் பத்திரங்கள் பெருகுகின்றன என்பதே நாம் இங்கு கற்கும் முதல் பாடம். வாங்குபவர் சுவரின் நீள அகலத்தைத்தான் நாடா போட்டு அளக்கிறார். தம்மோடு சேர்ந்து அந்த மனையில் எத்தனை பேர் கையொப்பமிடப் போகிறார்கள் என்பதை எண்ணுவதில்லை.

2007 ஏப்ரலில் உரிமையாளர் கூட்டம் கோபுரத்தை இடித்துப் புதுக் கட்டடம் எழுப்பத் தீர்மானித்தது. தேவையான ஐந்தில் நான்கு பங்கு வாக்கும் கிடைத்துவிட்டது. தண்டை விட்டுவிட்டுப் பெட்டிகளை மட்டும் மாற்றுங்கள் என்று குரோகாவா மன்றாடினார்; பிற நாட்டுக் கட்டடக் கலைஞர்கள் பலரும் அவர் பக்கம் நின்றார்கள். அதே ஆண்டு அவர் தோக்கியோ ஆளுநர் தேர்தலில் நின்று தோற்றார். அக்டோபரில் காலமானார். அடுத்த ஆண்டு வந்த உலகப் பொருளாதாரச் சரிவில், மறுகட்டுமானத்தை ஏற்றிருந்த நிறுவனம் திவாலாயிற்று. இடிக்கவும் ஆளில்லை, காக்கவும் ஆளில்லை. 2010-இல் கட்டடத்தின் வெந்நீர் நின்றுபோனது. ஓட்டை விழுந்த சுவரிலிருந்து ஏதேனும் கழன்று தெருவில் விழாதிருக்கக் கோபுரத்துக்கு வலை போர்த்தினார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த வரலாற்றின் விந்தையான பகுதி. பழுதடைந்த பெட்டிகளை விரும்பி வாங்குவோர் தோன்றினார்கள். சிறுவயதிலிருந்தே அந்தக் கோபுரத்தை வியந்து பார்த்தவர்கள், கலைஞர்கள், வடிவமைப்பாளர்கள், நகரின் நடுவில் ஒரு தனிமை வேண்டியவர்கள். அவர்களுள் மயேதா தத்சுயுகி என்பவர் 2010-இல் ஒரு பெட்டியை வாங்கத் தொடங்கிப் படிப்படியாகப் பதினைந்து பெட்டிகள் வரை சேர்த்தார். எதற்கு ஒருவருக்குப் பதினைந்து? வாழ்வதற்காக அன்று. இடிப்புத் தீர்மானம் வந்தால் எதிர்க்கும் வாக்குகளைப் பெருக்குவதற்காக. 2014-இல் அவர் முன்னின்று ஒரு பாதுகாப்புக் குழுவும் அமைந்தது. சில அறைகளைச் செப்பனிட்டு மாத வாடகைக்கு விட்டார்கள். ஒரு மாதமாவது அந்த வட்டச் சன்னலுக்குள் இருந்து பார்க்க ஆசைப்பட்டவர்கள் பலர். 1972-இல் படுக்கைக்காக விற்கப்பட்ட பெட்டி, நாற்பது ஆண்டு கழித்து வாக்குச் சீட்டுக்காக விற்பனையாயிற்று. சொத்துரிமை வரலாற்றில் இதற்கு நிகரான மாற்றத்தை நாம் அதிகம் படித்ததில்லை.

ஆனால் எதிர்ப்பக்கமும் எண்ணிக் கொண்டிருந்தது. பல பெட்டிகளின் உரிமையாளர்கள் அங்கே குடியிருக்கவில்லை. சிலர் அதைக் கிடங்காக வைத்திருந்தார்கள், சிலர் பூட்டியே வைத்திருந்தார்கள். கின்சாவின் நிலமதிப்புக்குத்தான் அவர்கள் காத்திருந்தார்கள் என்றால் அதில் குற்றம் காண இயலாது. சட்டம் அவர்களுக்கு அளித்த உரிமை அது. 2021 மார்ச்சில் விற்றுவிடும் தீர்மானம் நிறைவேறியது. 2022 ஏப்ரலில் பெட்டிகளைக் கழற்றும் வேலை தொடங்கியது. ஐம்பது ஆண்டுகளில் முதல்முறையாக அப்போதுதான் அவை வடிவமைப்பாளர் சொன்னபடி தண்டைவிட்டு வெளியே வந்தன. அவற்றில் 23 பெட்டிகளை மயேதாவின் குழுவினர் காப்பாற்றினார்கள். ஒன்று சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலைக்கூடத்துக்கும், ஒன்று ஹாங்காங்கின் எம் பிளஸ் அருங்காட்சியகத்துக்கும், ஒன்று நியூயார்க்கின் நவீனக் கலைக்கூடத்துக்கும் சென்றன. நியூயார்க்கில் 2025 சூலை முதல் அதைக் காட்சிக்கு வைத்தார்கள்.

ஹாங்காங் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அந்நகரின் டுன் மூன் பகுதியில் 128 சதுர அடி அளவில் வீடுகள் கட்டி விற்றார்கள். நானோ வீடுகள் என்று அவற்றுக்குப் பெயர். பின்னர் 2021 இறுதியிலிருந்து, அரசு விற்கும் நிலங்களில் கட்டப்படும் வீடு 26 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது என்று விதிக்கத் தொடங்கினார்கள். சிறிய வீடு சிறிய தொகையாதலால் இளைஞர்கள் கடன் வாங்கி வாங்கிவிட்டார்கள். வீட்டு விலைகள் சரிந்தபோது அந்த இடுக்கில் திருமணமும் செய்துகொள்ள முடியாமல், விற்கவும் முடியாமல் நின்றார்கள். சோமெய் குறைவாக இழப்பதற்காகச் சிறிய வீட்டுக்குப் போனார். கடனில் வாங்கிய சிறிய வீட்டில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

அப்படியானால் நகாகின் பெட்டியை வாங்கியவர்கள் ஏமாந்தவர்களா? 1972-இல் வாங்கிப் பத்து, பதினைந்து ஆண்டுகள் வார நாள்களில் தங்கி, ரயில் நேரத்தை மிச்சப்படுத்தியவர் ஏமாறவில்லை. 2010-க்குப் பின் வெந்நீர் இல்லையென்று தெரிந்தே வாங்கியவரும் ஏமாறவில்லை. அவர் வாங்கியது என்னவென்று அவருக்குத் தெரியும். ஏமாந்தவர் யாரென்றால், இருபத்தைந்தாம் ஆண்டில் யாரோ வந்து பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டித் தருவார்கள் என்று நம்பியவர்தான். அந்த யாரோ என்பவர் அவரும் அவரோடு சேர்ந்த 139 பேருமே என்பதை எவரும் அவருக்குச் சொல்லவில்லை.

இத்தனையும் படித்துக்கொண்டிருந்ததற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. நம் வீட்டிலும் ஒரு சிறிய அடுக்கக வீட்டை வாங்குவதா என்ற பேச்சு சில மாதங்களாக நடக்கிறது. சென்னைக்குத் தெற்கே, புறநகர் ரயில் நிலையத்துக்கு அருகே, கட்டி முடியும் நிலையில் ஒரு கட்டடம். விளம்பரத்தில் 520 சதுர அடி. இது சூப்பர் பில்ட்-அப் என்ற மாயக் கணக்கு. படிக்கட்டு, லிப்ட், நடைவழி எல்லாவற்றிலும் நம் பங்கைச் சேர்த்துச் சொல்வது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் சுவர்களுக்குள் உண்மையில் புழங்கும் இடத்தை, கார்ப்பெட் ஏரியாவை, வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறது. கேட்டபோது 365 என்றார்கள். விலை 28 லட்சம்.

அதே தெருவில் அதே அளவு வீட்டுக்கு மாத வாடகை 9,000 ரூபாய், ஆண்டுக்கு 1,08,000. நாம் 22 லட்சம் கடன் எடுத்தால் எட்டரை விழுக்காட்டில் முதலாண்டின் வட்டி மட்டும் ஏறத்தாழ 1,85,000. இடைவெளி 77,000 ரூபாய். ஆண்டுதோறும் இந்த 77,000-ஐக் கூடுதலாகக் கொடுத்து நாம் எதை வாங்குகிறோம் என்பதே கேள்வி. அடுத்த மாதம் காலி செய்யுங்கள் என்று யாரும் சொல்லாத நிம்மதி ஒன்று. இது சிறிய பொருளன்று. பதினோரு ஆண்டில் நான்கு வாடகை வீடு மாறி, புத்தகப் பெட்டிகளைச் சுமந்தவர்களுக்குத் தெரியும். மற்றொன்று மனையில் ஒரு பங்கு. கட்டடம் ஆண்டுக்கு ஆண்டு தேயும், மனை தேயாது. தரகர்கள் 'யூடிஎஸ்' என்று சொல்லும் பிரிபடாத பங்குதான் முப்பது ஆண்டு கழித்து மிஞ்சப் போவது. ஐந்து மனை, அதாவது 12,000 சதுர அடியில் 52 வீடுகள். நமக்கு வருவது 230 சதுர அடி.

தமிழ்நாட்டில் அடுக்கக உரிமைச் சட்டம் முதலில் 1994-இல் இயற்றப்பட்டது. அதற்குப் பதிலாக 2022-இல் புதிய சட்டம் இயற்றி 2024-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் இசைந்தால் போதும் என்கிறது இது. ஒரே ஒருவர் முரண்டு பிடித்து ஒழுகும் கட்டடத்தில் மற்ற எல்லோரையும் ஆண்டுக்கணக்கில் உட்கார வைத்த நிலைமைக்கு இது மருந்து. மறுபக்கம், தம் வீட்டிலேயே இறுதிவரை இருக்க விரும்பும் முதியவருக்கு இதே விதி அச்சமும் ஆகும். எப்படியாயினும், 52-இல் மூன்றில் இரண்டு என்பது 35 பேர். அந்த 35 பேர் யார்?

நாம் தரகரிடம் கேட்டது இதைத்தான். குடியிருக்க வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? அவர் பெருமையோடு சொன்னார்: "முக்கால்வாசி பேர் இன்வெஸ்ட்மென்ட்டுக்குத்தான் சார் எடுக்கிறாங்க. நீங்களும் அஞ்சு வருஷத்துல நல்ல விலைக்குத் தள்ளிவிட்டுடலாம்." அவர் அதை விற்பனைக்கான காரணமாகச் சொன்னார். மோட்டார் எரிந்தால், லிப்ட் நின்றால், மொட்டைமாடியில் விரிசல் விழுந்தால் கூட்டத்துக்கு வரப்போகிறவர்கள் பதின்மூன்று பேர் என்று நமக்குக் கேட்டது. வீடு சிறியதென்பதால் லிப்டின் விலை குறையாது. 52 சிறு பைகளிலிருந்து அது திரட்டப்பட வேண்டும். அவற்றில் 39 பைகள் வேறு ஊரில் இருக்கும்.

அந்த வாரமே வேறொன்றைப் பார்த்தோம். அதே ஊரில், நிலையத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி, இருபது ஆண்டுப் பழைய கட்டடம். இரண்டு மனையில் 12 வீடுகள், லிப்ட் கிடையாது. பின்புறம் தரைத்தளத்தில் 340 சதுர அடி கொண்ட ஒரு சிறிய வீடு விற்பனைக்கு. மனைப்பங்கு 310 சதுர அடி என்று கிரயப் பத்திரத்திலேயே இருக்கிறது. மழைக்காலத்தில் ஒரு சுவரில் ஈரம் ஏறும் என்று விற்பவரே சொன்னார். சமையலறையில் இருவர் நிற்க முடியாது. சங்கச் செயலாளர், ஓய்வுபெற்ற அஞ்சல்துறைக்காரர், நீள நோட்டுப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். சம்ப் கழுவிய கூலி, மோட்டாருக்குக் காயில் கட்டியது, மொட்டைமாடிக்குத் தட்டோடு மாற்ற வீட்டுக்கு எவ்வளவு வசூல் என்பது வரை மாதவாரியாக எழுதியிருந்தது. பன்னிரண்டில் ஒன்பது வீட்டில் உரிமையாளர்களே இருக்கிறார்கள். மூல ஆவணங்களின் நகல்களும் முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றும் இப்போது வழக்கறிஞரின் மேசையில் இருக்கின்றன.